மோட்டார்ஹோமில் பெட்ரோல் போட்டுக் கொஞ்ச தூரத்திலேயே வண்டி ஜெர்க் அடித்தால் என்ன செய்வது? ஆல்கஹால் பாட்டில் ஊற்றினால் போதுமா?

கேள்வியின் சாரம் இது: அமெரிக்காவில் ஃபோர்ட் ஈ-450 என்ற வண்டியின் சேஸிஸ் மேல் கட்டிய வாடகை மோட்டார்ஹோமில் (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டி) குடும்பத்தோடு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பக்கம் போகிறீர்கள். "சின்ன ஊர் பங்க்குகளில் பெட்ரோலில் தண்ணீர் இருக்கும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் பாட்டில் ரெண்டு வாங்கி வைத்துக்கொள், ஊற்றினால் சரியாகிவிடும்" என்று நண்பர் சொல்லியிருக்கிறார். அது போதுமா என்று கேட்கிறீர்கள்.

போதாது. ஈ-450 மோட்டார்ஹோம்களின் டேங்க் பொதுவாக 55 கேலன், அதாவது சுமார் 208 லிட்டர். அங்கே விற்கும் சாதாரணப் பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு எத்தனால். ஆக, டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே ஏற்கெனவே 20 லிட்டருக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறது. அவ்வளவு ஆல்கஹாலால் இழுத்துக்கொள்ள முடியாத தண்ணீரை 355 மில்லி பாட்டில் என்ன செய்துவிடும்? எத்தனால் கலக்காத பெட்ரோல் ஓடிய காலத்தில் அந்த பாட்டிலுக்கு ஒரு வேலை இருந்தது. இப்போது அது மனசமாதானத்துக்குத்தான்.

ஈ10 என்று சொல்லும் இந்தப் பத்து சதவீத எத்தனால் பெட்ரோல் சுமார் 15 டிகிரி செல்சியஸில் தன் கொள்ளளவில் அரை சதவீதம் தண்ணீர் வரை தாங்கும். கேலனுக்கு நான்கு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் டேங்க்குக்குக் கணக்குப் போட்டால் ஒரு லிட்டர். அதுவரை தண்ணீர் பெட்ரோலோடு கரைந்தே இருக்கும், எஞ்சின் வழியாக வெளியேறிவிடும், உங்களுக்குத் தெரியக்கூட தெரியாது. அந்த எல்லை தாண்டினால் தண்ணீர் மட்டும் தனியாகப் பிரியாது. எத்தனாலில் கணிசமான பகுதியையும் இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். எரிபொருள் பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. எஞ்சினுக்குப் போவது தண்ணீரும் எத்தனாலும் கலந்த கலவை. மேலே மிஞ்சும் பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை: எத்தனால் போனதால் ஆக்டேன் (எஞ்சினில் தட்டும் சத்தம் வராமல் எரியும் தரத்தின் எண்) 87-இலிருந்து சுமார் 84-க்கு இறங்கிவிடும், ஏற்றத்தில் அந்தத் தட்டல், அதாவது நாக்கிங் சத்தம், கேட்கும். குளிர் கூடினால் தாங்கும் அளவு இன்னும் குறையும். மாலையில் நன்றாக ஓடிய வண்டி, மலையில் ஒரு குளிர் இரவு நின்றபின் காலையில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். (தமிழ்நாட்டில் இப்போது கிடைக்கும் ஈ20-யிலும் இதே கதைதான். எத்தனால் கூடுதலாக இருப்பதால் அதிகத் தண்ணீரைத் தாங்கும்; ஆனால் பிரிந்தால் அடியில் சேரும் அடுக்கும் அதற்கேற்பப் பெரிது.)

டேங்கில் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீர் சேரும் என்று பலர் பயப்படுகிறார்கள். சேரும், ஆனால் சொட்டுக் கணக்கில். லிட்டர் கணக்கில் வரும் தண்ணீர் பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்துதான் வரும். டேங்கர் லாரி குழாய் மாட்டும் வாய்களின் மூடி சரியாக மூடாமல் இருப்பது, ரப்பர் வாஷர் வெடித்திருப்பது, பெருமழையில் அந்த வாய்களின் மேல் தண்ணீர் தேங்குவது, இவைதான் வழிகள். ஆகவே கனமழைக்கு அடுத்த நாள், விற்பனை குறைவாக உள்ள ஊரில், முழு டேங்க் நிரப்ப வேண்டாம்.

தண்ணீரை விட்டால் அடுத்தது டீசல். லாரி ஓட்டுநர் பெட்ரோல் தொட்டியில் டீசலை இறக்கிவிடுவது உண்டு. இதைத் தவிர்க்கத்தான் அந்த வாய்களுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள்: சாதாரணப் பெட்ரோலுக்கு வெள்ளை, பிரீமியத்துக்குச் சிவப்பு, டீசலுக்கு மஞ்சள். அப்படியும் தவறு நடக்கிறது, சில சமயம் பங்க்குக்கு வரும் முன்பே நடந்துவிடுகிறது. 2023 ஆகஸ்ட் கடைசியில் டாம்பா துறைமுகத்திலிருந்து சிட்கோ நிறுவனம் அனுப்பிய பெட்ரோலில் மனிதத் தவறால் டீசல் கலந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று ஃப்ளோரிடா மாநில வேளாண் துறை எச்சரித்தது. இடாலியா புயலுக்குப் பயந்து சனங்கள் டேங்க் நிரப்பிக்கொண்டிருந்த நேரம் அது. சாதாரணக் காரில் டீசல் நாசில் பெட்ரோல் வாய்க்குள் நுழையாது, அது தடிமன். எனவே பெட்ரோல் வண்டியில் டீசல் இருந்தால் சந்தேகம் முதலில் பங்க் பக்கம்தான் போக வேண்டும்.

இரண்டுக்கும் அறிகுறி வேறு. தண்ணீர் என்றால் பங்க்கை விட்டுக் கிளம்பிய சில நிமிடங்களில், குழாயில் மிச்சமிருந்த பழைய பெட்ரோல் தீர்ந்ததும், வண்டி மிஸ்ஸிங் ஆகும். பிக்கப் போய்விடும், நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. டீசல் என்றால் வண்டி ஓடும். ஆனால் புகை வரும், ஏற்றத்தில் தட்டும், நிறுத்தி எடுத்தால் சிரமப்பட்டுத்தான் ஸ்டார்ட் ஆகும், ஸ்பார்க் பிளக் கரிபிடித்துப் போகும். மூன்றாவது வகை ஒன்று உண்டு, அரிது: 2007-இல் தென்கிழக்கு இங்கிலாந்தில் பெட்ரோலில் சிலிக்கான் கலந்து, ஏராளமான கார்களின் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பழுதானது. அதைக் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

மோட்டார்ஹோமில் மட்டும் கிடைக்கும் ஒரு தடயம் இருக்கிறது. வீட்டுப் பகுதிக்குக் கரண்ட் தரும் ஜெனரேட்டரும் அதே டேங்கிலிருந்துதான் பெட்ரோல் எடுக்கிறது, ஆனால் அதன் உறிஞ்சு குழாய் உயரத்தில் நிற்கும். ஜெனரேட்டர் ஓட்டியே டேங்கைக் காலி செய்து நடுக்காட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, கால் டேங்க் அளவில் நின்றுபோகும்படி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் செத்து நிற்கிறது, டேங்கில் பாதிக்கு மேல் இருக்கிறது, ஜெனரேட்டர் மட்டும் சீராக ஓடுகிறது என்றால் அடியில் தண்ணீர் அடுக்கு இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுமே திணறினால், முழுக்கக் கலந்துவிட்ட டீசல் போன்ற ஒன்றைச் சந்தேகிக்கலாம். இது முடிவான சோதனை அல்ல, மெக்கானிக்கிடம் முதல் வரியாகச் சொல்ல நல்ல தகவல். ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் வண்டியைச் சுற்றி பெட்ரோல் வாடை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வழியில் திணற ஆரம்பித்தால் முதல் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி அணையுங்கள். செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் மின்னுகிறது என்றால் இன்னும் அவசரம்: எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பழுக்கக் காய்ச்சுகிறது. பெட்ரோலைச் சுத்தம் செய்யும் செலவைவிட கன்வெர்ட்டர் செலவு பல மடங்கு. "ஓட்டித் தீர்த்துவிடலாம்" என்று மேலும் முப்பது கிலோமீட்டர் உருட்டுவதுதான் இந்த விஷயத்தில் ஆகப் பெரிய பணச் சேதம். சாவியைத் திரும்பத் திரும்பத் திருகுவதும் அப்படியே. டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதும் வழுக்க வைப்பதும் பெட்ரோல்தான், தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது, துருவைத்தான் தரும்.

கையில் மலிவான ஓபிடி ரீடர் (வண்டியின் கணினியில் பதிவாகும் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) இருந்தால் அந்தக் குறியீடுகளைப் படம் எடுத்து வையுங்கள், அழிக்காதீர்கள். பி0300 (பல சிலிண்டர் மிஸ்ஃபயர்), பி0171, பி0174 (கலவையில் எரிபொருள் குறைவு) மூன்றும் பெட்ரோல் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்து வந்தால் அதுவே ஒரு சாட்சி. இந்தக் குறியீடுகள் காற்றுக் கசிவிலும் வரும் என்பதால் தனியாக எதையும் நிரூபிக்காது.

வாடகை வண்டி என்பதால் நீங்களே எதையும் கழற்ற வேண்டாம். வாடகை நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு முதலில் பேசி, அவர்கள் ஒப்புதலோடு மட்டும் வேலை நடக்கட்டும். அவர்களைக் கேட்காமல் செய்த ரிப்பேருக்குப் பணம் திரும்பக் கேட்பது பெரும்பாடு. ஈ-450-இன் மொத்த அனுமதி எடை 14,500 பவுண்டு, ஆறரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். சாதாரணக் கார் டோ வண்டி தூக்காது, சாதாரணச் சாலை உதவி அட்டையும் பெரும்பாலும் செல்லாது, ஆர்வி-க்கென்று (மோட்டார்ஹோம் போன்ற வீட்டு வண்டிகளுக்கு அங்கே உள்ள பெயர்) உள்ள உறுப்பினர் திட்டம் வேண்டும். பல கார் ஒர்க்‌ஷாப்புகளில் உயரம் காரணமாக வண்டி உள்ளேயே போகாது. வீடும் வண்டியும் ஒன்றே என்பதால் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் இரவுகளுக்கு அறை வாடகையும் சேரும், ரசீதுகளை விடாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன நடக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது. டேங்க் வாய் வழியாகக் குழாய் விட்டு உறிஞ்ச முடியாது, வால்வு தடுக்கும். எரிபொருள் லைனைக் கழற்றி வண்டியின் பம்ப்பை வைத்தே வெளியேற்றுவார்கள், இல்லையென்றால் டேங்கையே இறக்குவார்கள். நிரம்பிய டேங்கில் பெட்ரோல் மட்டும் 150 கிலோவுக்கு மேல். இந்த வேலை முடியும் வரை எல்பி கேஸ் சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜும் வாட்டர் ஹீட்டரும் சொல்லாமல் கொள்ளாமல் தானாகப் பற்றவைத்துக்கொள்ளும், பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் முடிந்தது கதை. பங்க்கில் பெட்ரோல் போடும்போதும் இதே விதி, பாதிப் பேர் மறப்பது இதைத்தான்.

முதலில் வெளியே வருவதில் கொஞ்சத்தை அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடியில் பிடித்து இருபது நிமிடம் அசைக்காமல் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் கோடு போட்டது போல் ஒரு அடுக்கு நிற்கும். சந்தேகமாக இருந்தால் கேக்குக்குப் போடும் தண்ணீர்ச் சாயம் ஒரு சொட்டு விடுங்கள். அது பெட்ரோலில் கரையாமல் நேரே இறங்கி அடி அடுக்கை மட்டும் நிறமாக்கும். டீசலுக்கு வெள்ளைக் காபி ஃபில்டர் தாளில் ஒரு சொட்டு. நல்ல பெட்ரோல் சில நிமிடங்களில் கறை இல்லாமல் போய்விடும், டீசல் எண்ணெய் வட்டமாகத் தங்கும். நம் ஊர் பங்க்கில் வாடிக்கையாளர் கேட்டால் செய்து காட்ட வேண்டிய ஃபில்டர் பேப்பர் சோதனையேதான் இது. ஜாடி பார்ப்பதற்கு மட்டும். சாட்சியாக வைத்துக்கொள்ள ஒரு லிட்டரை பெட்ரோலுக்கென்று அனுமதித்த கேனில் எடுத்து, தேதி எழுதி ஒட்டுங்கள். பங்க்கில் போய் நேராகக் கண்ணாடி ஜாடியில் பிடிக்காதீர்கள், அது ஆபத்து, அனுமதியும் இல்லை.

காலி செய்தபின் சில கேலன் நல்ல பெட்ரோல் ஊற்றி லைனை அலசி, மாற்றக்கூடிய ஃபில்டர் இருந்தால் மாற்ற வேண்டும். பழைய வி10 எஞ்சின் வண்டிகளில் அது சேஸிஸின் ஓரமாகவே இருக்கும், புதியவற்றில் டேங்குக்குள் பம்ப்போடு சேர்ந்து. பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயில் குச்சியில் அளவு கூடியோ பெட்ரோல் வாடை அடித்தோ இருந்தால் ஆயிலும் மாற்ற வேண்டும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது. ஜெனரேட்டரை மறந்துவிடுவார்கள்: அதற்குத் தனி ஃபில்டர் உண்டு, கார்பரேட்டர் உள்ள மாடல் என்றால் கிண்ணத்தையும் காலி செய்ய வேண்டும்.

முன்னெச்சரிக்கை கொஞ்சம்தான். டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும் பங்க்கில் போடாதீர்கள், அடி மண்டி கலங்கியிருக்கும். பம்ப் வழக்கத்துக்கு மாறாக மெதுவாக ஊற்றினால் ஒரு கேலனோடு நிறுத்துங்கள். தண்ணீர் பட்டால் உப்பி ஓட்டத்தைக் குறைக்கும் ஃபில்டர் பல பம்ப்புகளில் உண்டு, அது வேலை செய்கிறது என்று அர்த்தமாகலாம். ஆள் நடமாட்டம் இல்லாத வழியில் ஒரே பங்க்கில் 50 கேலன் போடுவதைவிட, பாதி டேங்க் இருக்கும்போதே போட்டுக்கொண்டே போவது மேல். கெட்டது கலந்தாலும் பாதிதான் கெடும். "88" என்று விலை குறைவாக ஒரு பட்டன் இருக்கும், அது ஈ15, அதாவது 15 சதவீத எத்தனால். கார்களுக்குச் சரி, ஆனால் உங்கள் எடை வகை வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் அதற்கு அனுமதி இல்லை. 87-ஐ அழுத்துங்கள்.

பணம் திரும்பக் கிடைக்க: பம்ப் எண், நேரம், கேலன் அளவு உள்ள ரசீது, மெக்கானிக் கைப்பட "எரிபொருள் கலப்படம்" என்று எழுதித் தந்த அறிக்கை, எடுத்து வைத்த ஒரு லிட்டர். பங்க்குக்குப் பெரும்பாலும் காப்பீடு இருக்கும், அவர்களிடம் முதலில் எழுத்தில் கேளுங்கள். பம்ப் மேல் ஒட்டியிருக்கும் மாநில ஆய்வு ஸ்டிக்கரில் புகார் எண் இருக்கும். ஃப்ளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் வேளாண் துறை, டெக்சாஸில் உரிமத் துறை என்று மாநிலத்துக்கு மாநிலம் அலுவலகம் மாறும். அன்றே கூப்பிடுங்கள். அடுத்த லாரி வந்து 8,000 கேலன் நல்ல பெட்ரோலை அந்தத் தொட்டியில் இறக்கிவிட்டால், ஆய்வாளர் எடுக்கும் மாதிரியில் ஒன்றும் மிஞ்சாது.