சிவப்பு மூடியா ஆரஞ்சு மூடியா? இன்சுலின் ஊசி சந்தேகங்களுக்கு பதில்

சுகர் வார்டு நர்ஸ் நான், ஊசி போடுறது பத்தி கேளுங்க. டோஸ் கூட்டவா குறைக்கவான்னு மட்டும் வேணாம், அது உங்க டாக்டர் சொல்லணும்.

கேள்வி: சிஸ்டர், அம்மாவுக்கு 20 யூனிட். கடைல சிவப்பு மூடி சிரிஞ்ச் இல்லன்னு ஆரஞ்சு மூடி குடுத்தாங்க. 20 கோடு வரைக்கும் இழுத்தா போதும்ல?

பதில்: வேணாம் தம்பி, முதல்ல பாட்டில் லேபிள பாருங்க. நம்ம ஊர்ல பாட்டில் பெரும்பாலும் 40, அதாவது ஒரு மில்லில 40 யூனிட் மருந்து, அதுக்கு சிவப்பு மூடி. ஆரஞ்சு 100க்கு உள்ளது, அதுல 20 கோடு இழுத்தா அம்மா உடம்புக்கு போறது வெறும் 8 யூனிட் தான். இப்படித்தான் ஒரு தாத்தாவுக்கு சுகர் இறங்கவே இல்லன்னு டோஸ ஏத்திக்கிட்டே போனாங்க, ஒருநாள் நான் சிரிஞ்ச கொண்டுவர சொல்லி பாத்தா ஆரஞ்சு மூடி, அத கவனிக்காம அந்த ஏத்துன டோஸயே சிவப்பு சிரிஞ்ச்ல போட்டிருந்தா லோ சுகர்ல மயங்கிருப்பாரு. கணக்கு போட்டு சமாளிக்காதீங்க, வேற கடைக்கு போய் சிவப்பே வாங்குங்க.

கேள்வி: தொப்புள் பக்கம் ஒரே இடத்துல போட்டா வலிக்கல, அங்கயே போடலாமா அக்கா?

பதில்: விரலால தடவி பாருங்கம்மா, கெட்டியா மேடு தட்டுதா? அது கொழுப்பு கட்டி, அதனாலதான் வலிக்கல, ஆனா மருந்து அதுல ஒழுங்கா ஏறாது. ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் தள்ளி போடுங்க. மேட்ட விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே டோஸ்லயே சுகர் சட்டுனு இறங்கலாம், டாக்டர்ட்ட சொல்லிட்டு மாத்துங்க.

கேள்வி: பென் (பேனா மாதிரி இருக்குற இன்சுலின் ஊசி) போட்டு எடுத்ததும் நுனில சொட்டுது.

பதில்: பட்டன அழுத்துனபடியே பத்து எண்ணிட்டு எடுங்க.

கேள்வி: ஃபிரிட்ஜ் இல்ல, பானைல வைக்கலாமா? தண்ணி இறங்கிடும்னு மாமா சண்டை போடுறாரு, ஃப்ரீசர் இருக்குற வீட்ல குடுத்து வைன்றாரு.

பதில்: மாமாட்ட சொல்லுங்க, ஃப்ரீசர் கூடவே கூடாது, உறைஞ்ச இன்சுலின் உருகுனாலும் குப்பைக்குத்தான். மூடி இறுக்கமான டப்பால போட்டு ஈர மணல் பானைல, நிழல்ல வைங்க, தண்ணி எப்படி இறங்கும்? திறந்த பாட்டில் பொதுவா நாலு வாரம் தான், திறந்த தேதிய மேல எழுதிருங்க.

கேள்வி: ஆரஞ்சு மூடில 40 பாட்டில்...

பதில்: முதல் பதில படிங்க. தயவுசெஞ்சு.

கேள்வி: பென் ரிப்பேர். அதுக்குள்ள இருக்குற மருந்து குப்பி, அந்த கார்ட்ரிட்ஜ்ல இருந்து சிவப்பு சிரிஞ்ச்ல இழுத்துக்கவா?

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாம்! கார்ட்ரிட்ஜ் 100. சிவப்புல 20 கோடு இழுத்தா 50 யூனிட் போயிடும். ஏற்கனவே போட்டிருந்தா இப்பவே சுகர் பாருங்க, 70க்கு கீழன்னா மூணு ஸ்பூன் சக்கரைய தண்ணில கலக்கி குடிச்சிட்டு, எவ்வளவு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க, தனியா போகாதீங்க.