அமெரிக்காவில் சட்டவிரோதக் குடியேற்றம் ஏன் தீராத சண்டையாக இருக்கிறது?

அனுமதியில்லாமல் எல்லை தாண்டி வருவதும், விசா முடிந்தபிறகு திரும்பாமல் தங்கிவிடுவதும்தான் சட்டவிரோதக் குடியேற்றம். சட்டம் ஒரு பக்கம் இழுக்கிறது, வேலைச் சந்தை மறுபக்கம் இழுக்கிறது. முன்வாசலில் ‘உள்ளே வராதே’ என்று பலகை மாட்டிவிட்டுப் பின்வாசலில் கூலிக்கு ஆள் எடுக்கும் வீடு மாதிரி.

1986-இல் அப்போதைய அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தையே பாருங்கள். அனுமதியில்லாமல் இருந்தவர்களில் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வமாகத் தங்கும் உரிமை கிடைத்தது. ஆவணமில்லாதவரை வேலைக்கு வைப்பதும் சட்டவிரோதமானது. ஆனால் ‘தெரிந்தே’ வைத்தால்தான். வந்தவர் நீட்டும் அட்டை பார்வைக்கு அசலாக இருந்தால் போதும், முதலாளி அதற்குமேல் துருவ வேண்டியதில்லை. அப்புறம் என்ன, போலி அட்டை வியாபாரம் கொழித்தது. பெரிய ஓட்டை எல்லைச் சுவரில் அல்ல, இங்கேதான் என்பேன்.

குடியேறிகள் வருவதால் உள்ளூர்க்காரர் கூலி குறைகிறதா? பொருளாதார அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. 1980-இல் மயாமிக்கு வந்திறங்கிய கியூபர்களை ஆராய்ந்த டேவிட் கார்ட், பெரிய பாதிப்பில்லை என்றார். அதே நிகழ்வை ஆராய்ந்த ஜார்ஜ் போர்ஹாஸ், பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களின் கூலி சரிந்தது என்றார்.

‘இவர்கள் வரியே கட்டுவதில்லை’ என்பது மட்டும் தவறு: பலர் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கப்படுகிறது, அந்த ஓய்வூதியம்தான் பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.