வீடுகளுக்குக் கரண்ட் வராத காலத்திலேயே எலக்ட்ரிக் திருட்டு அலாரம் இருந்ததாமே, அது எப்படி வேலை செய்தது?

இருந்தது. எடிசனின் மின் நிலையம் நியூயார்க் பேர்ல் தெருவில் ஓட ஆரம்பித்தது 1882 செப்டம்பரில். திருட்டு அலாரத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்ததோ 1853-லேயே. நடுவில் 29 வருடம் எல்லாமே பேட்டரியில்தான் ஓடியது. ("மின்சாரத் திருட்டு மணி" என்று தமிழில் எழுதிப் பார்த்தேன். கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பவரைப் பிடிக்கிற மணி போல இருக்கிறது. அதனால் அலாரம் என்றே எழுதுகிறேன்.)

நான் திருச்சிப் பக்கம் கடைகளுக்கு அலாரமும் கேமராவும் மாட்டுகிற வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குப் பழைய கதை இல்லை. அன்றைக்கு அவர்களுக்கு வந்த தலைவலிதான் இன்றைக்கு எனக்கும் வருகிறது.

காப்புரிமை வாங்கியவர் ஒரு பாதிரியார். பெயர் ஆகஸ்டஸ் ரஸ்ஸல் போப், ஊர் பாஸ்டனை ஒட்டிய சோமர்வில். 1853 ஜூன் 21-ம் தேதி, எண் 9,802. பிரசங்கம் மட்டும் போதாது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அவருக்கு எங்கிருந்து இந்த யோசனை என்று ஆச்சரியப்பட வேண்டாம். அதற்கு முந்தைய வருடம்தான் பாஸ்டன் நகரம் தீ விபத்தைத் தந்திக் கம்பி வழியாக அறிவிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தது. கம்பி, பேட்டரி, மின்காந்தம் எல்லாம் அந்த ஊரில் கைக்கெட்டும் சாமான்கள்.

போப்பின் அலாரம் இதுதான். ஒவ்வொரு கதவிலும் ஜன்னலிலும் ஒரு உலோகத் தொடுப்பு. மூடியிருக்கும்போது கரண்ட் ஓடாது. திறந்தால் தொடுப்பு சேர்ந்து கரண்ட் பாயும், மின்காந்தம் சுத்தியலை இழுத்து ஆட்டும், மணி அடிக்கும். எல்லாத் தொடுப்புகளும் பேரலல் இணைப்பு, அதனால் எந்த ஒன்று சேர்ந்தாலும் போதும். வீட்டுக் காலிங் பெல் ஸ்விட்சை நீங்கள் விரலால் அமுக்குகிறீர்கள், அங்கே திருடனே கதவைத் திறந்து அமுக்கிக்கொடுக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். பதறிப்போய்க் கதவை மறுபடி சாத்தினாலும் மணி நிற்காதபடி ஒரு ஏற்பாடும் சேர்த்தார்கள்.

சரி, இதில் ஓட்டை எங்கே? எங்கள் தொழிலில் இதை என்.ஓ. என்போம், சும்மா இருக்கையில் திறந்த சர்க்யூட். வயரை ஒருவன் வெளியிலிருந்தே வெட்டிவிட்டால் மணி பேசாமல் இருக்கும். பேட்டரி தீர்ந்தாலும், எலி கடித்தாலும், இணைப்பில் துரு ஏறினாலும் பேசாமல்தான் இருக்கும். வீடு பத்திரமாக இருந்தாலும் அதே மௌனம். உள்ளே படுத்திருப்பவருக்கு எது எதுவென்று தெரியாது.

இதற்கு மாற்று, எப்போதும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கிற மூடிய சர்க்யூட். எல்லாக் கதவும் ஜன்னலும் ஒரே வயரில் வரிசையாக. அந்தக் கரண்ட் ஒரு ரிலேயின், அதாவது மின்காந்தம் இயக்குகிற ஸ்விட்சின், நாக்கைப் பிடித்து வைத்திருக்கும். கதவு திறந்தாலோ வயர் அறுந்தாலோ பிடி விட்டுப்போகும், ஸ்பிரிங் நாக்கை இழுக்கும், அது போய் இன்னொரு பேட்டரியில் இருக்கிற மணியை அடிக்கவைக்கும். வயரை வெட்டுகிறவன் தானே மணியடித்தவன் ஆகிறான். இன்று நீங்கள் ஷட்டரில் பார்க்கிற மேக்னட் காண்டாக்ட் இதேதான். உள்ளே இருக்கிற, காந்தம் கிட்டே வந்தால் சேர்கிற ரீட் ஸ்விட்ச் 1936-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, யோசனை அதைவிடப் பழையது. கடைக் கண்ணாடியில் மெல்லிய ஈயத்தாளை வரிசையில் சேர்த்து ஒட்டுவதும் இதே கணக்குதான். கண்ணாடி உடைந்தால் தாள் கிழியும், சர்க்யூட் விட்டுப்போகும்.

ராத்திரி முழுக்கக் கரண்ட் ஓடினால் பேட்டரி என்ன ஆகும் என்று கேட்பீர்கள். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். அந்தக் காலத்தில் இரண்டு வகை பேட்டரி புழக்கத்தில் இருந்தது, இரண்டும் குணத்தில் எதிரெதிர்.

ஒன்று, 1866-ல் லெக்லாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது. கண்ணாடி ஜாடியில் நவச்சாரக் கரைசல், ஒரு துத்தநாகக் கம்பி, மாங்கனீசு டையாக்சைடு சுற்றிய கரி. நவச்சாரம் என்றால் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தூவுவாரே, புகை கிளம்புமே, அதேதான். இந்த செல் கொஞ்ச நேரம் வேலை செய்யும், பிறகு ஓய்வு கேட்கும். விடாமல் கரண்ட் எடுத்தால் கரியைச் சுற்றி ஹைட்ரஜன் சேர்ந்து தளர்ந்துவிடும், விட்டு வைத்தால் தேறிவிடும். எப்போதாவது அடிக்கிற மணிக்குச் சரியான ஆள்.

இன்னொன்று தந்தி ஆபீஸ்களில் இருந்த கிராவிட்டி செல். ஜாடியின் அடியில் செம்பும் மயில்துத்தக் கரைசலும், மேலே காக்கைக்கால் மாதிரி விரிந்த துத்தநாகமும் அதன் கரைசலும். நடுவில் தடுப்பே கிடையாது. நீலக் கரைசல் கனம், அதனால் கீழே நிற்கிறது, அவ்வளவுதான். இதைச் சும்மா வைத்தால் நீலம் மெல்ல மேலேறித் துத்தநாகத்தைத் தின்றுவிடும். கரண்ட் எடுத்துக்கொண்டே இருந்தால் செம்பு படிந்து படிந்து நீலம் ஏறாமல் நிற்கும். அதாவது வேலை கொடுத்தால்தான் நன்றாக இருக்கும். மூடிய சர்க்யூட்டுக்கென்றே செய்து வைத்த மாதிரி! ஜாடியை ஆட்டாமல் வைக்க வேண்டும், தண்ணீர் வற்றினால் ஊற்ற வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இந்தக் காலத்து ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் அங்கிருந்தே வந்திருக்கும் என்பது என் ஊகம்.

இதையெல்லாம் வியாபாரமாக்கியவர் எட்வின் ஹோம்ஸ். போப்பின் உரிமையை 1857-ல் வாங்கினார், 1859-ல் நியூயார்க்குக்குக் கடையை மாற்றினார். அவர் சாமான் செய்ய வைத்தது பாஸ்டனில் சார்லஸ் வில்லியம்ஸ் என்பவரின் பட்டறையில். பின்னால் எடிசன் 1868-ல் வேலை பார்த்ததும், கிரஹாம் பெல்லுக்கு அவர் உதவியாளர் வாட்சன் டெலிபோன் செய்துகொடுத்ததும் அதே பட்டறைதான். மணி செய்கிற இடத்தில் டெலிபோன் பிறந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை; மின்காந்தம் சுற்றப் பழகிய கைகள் அங்கேதான் இருந்தன.

ஹோம்ஸ் செய்த பெரிய காரியம், மணியை வீட்டுக்குள் அடிக்க விடாமல் தன் ஆபீசுக்கு இழுத்தது. வங்கிகளிலிருந்து அவர் ஆபீசுக்குக் கம்பி, அங்கே ராத்திரி முழுக்க ஆள். இந்தக் கம்பிகளுக்குப் பகலில் வேலையே இல்லை. 1877 மே மாதம் பாஸ்டனில் அவர் மகன் அந்தக் கம்பிகளிலேயே டெலிபோன் பெட்டிகளை மாட்டி, ஒரு வங்கியை இன்னொரு வங்கியோடு பேசவைத்தார். பகலில் பேச்சு, ராத்திரி காவல். முதல் வணிக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லப்படுகிற நியூ ஹேவன் ஊர் எக்ஸ்சேஞ்ச் 1878 ஜனவரியில்தான் வந்தது. ஹோம்ஸ் பிறகு நியூயார்க்கில் பெல் டெலிபோன் கம்பெனிக்கே தலைவரானார்.

மூடிய சர்க்யூட் வந்ததும் திருடன் சும்மா இருப்பானா? வெட்டினால்தானே கத்தும், வெட்டுவதற்கு முன்பே இரண்டு வயரையும் ஒட்டுப்போட்டுச் சேர்த்துவிட்டால்? கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், கதவைத் திறந்தாலும் ரிலேக்குத் தெரியாது. அதற்கும் வழி கண்டார்கள். வயரின் தூரத்து முனையில், கதவு ஜன்னல் பக்கம், ஒரு மின்தடையை வைத்துவிடுவது. கரண்ட் குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. இன்று பேனலோடு (வயர்களெல்லாம் வந்து சேர்கிற அலாரப் பெட்டி) வருகிற குட்டி இ.ஓ.எல்., அதாவது எண்ட் ஆஃப் லைன், ரெசிஸ்டர் அதன் வாரிசு.

இதில் நான் செய்த தப்பைச் சொல்லாமல் முடிக்க முடியாது. தொழிலுக்கு வந்த புதிது. ஒரு அடகுக்கடை வேலை. மறுபடி ஏணி ஏறிக் கதவு மேலே ரெசிஸ்டரைப் பற்றவைக்கச் சோம்பல்பட்டு, அதைப் பேனல் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். (இது நான் மட்டும் செய்தது இல்லை, இன்றும் பலர் செய்கிறார்கள்.) டெஸ்ட் செய்தால் எல்லாம் சரியாகவே காட்டும். இரண்டு வருடம் கழித்துக் கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, நேத்து அலாரத்தை ஆஃப் பண்ண மறந்துட்டு பின்கதவைத் திறந்துட்டேன். சத்தமே வரல."

போய்ப் பார்த்தால், அலமாரி அடித்த தச்சர் முடுக்கிய திருகாணி கேபிளைத் துளைத்து இரண்டு வயரையும் ஒன்றாக்கியிருக்கிறது. அலமாரி வந்து எட்டு மாதம். எட்டு மாதமும் பேனலில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. திருடன் கொண்டுவர வேண்டிய ஒட்டுவயரைத் திருகாணி போட்டுக்கொடுத்துவிட்டது. ரெசிஸ்டர் கதவுப் பக்கம் இருந்திருந்தால் அன்று மாலையே சைரன் கத்தியிருக்கும். நல்லவேளை, எதுவும் போகவில்லை. என் குருவான அண்ணன் என்னைத் திட்டக்கூட இல்லை, ஏணியை மட்டும் கையில் கொடுத்தார்.

அதிலிருந்து வேலையை ஒப்படைக்கும்போது கடைக்காரரைப் பக்கத்தில் நிற்கவைத்து இரண்டு சோதனை செய்கிறேன். கதவுப் பக்கம் வயரைக் கழற்றிவிடுவேன், கத்த வேண்டும். இரண்டு வயரையும் சேர்த்துப் பிடிப்பேன், அப்போதும் கத்த வேண்டும். உங்கள் கடையில் அலாரம் இருந்தால், அடுத்த முறை சர்வீசுக்கு வருகிறவரிடம் இரண்டாவதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். முகம் மாறினால் ஏணி இருக்கிறதா என்று கேளுங்கள்.