பள்ளிக்கூடம் பூட்டினால் பணம் யாருக்கு?

கேள்வி: 2020 மார்ச்சில் பூட்டிய எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் திரும்ப உள்ளே போனது 2021 நவம்பரில்தானுங்க. அத்தனை மாதமும் பள்ளிக்கான அரசுச் செலவு மட்டும் நிற்கவில்லை. பள்ளி மூடினால் அந்தப் பணத்தைப் பெற்றோர் கையில் கொடு என்று அமெரிக்காவில் கேட்கிறார்களாம். அடுத்த தடவை மூடினால் இங்கேயும் அப்படிச் செய்யலாமே? டியூஷனை நாங்களே பார்த்துக்கொள்வோமுங்க.
– வாசகர், பல்லடம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த பிள்ளை கதவு திறந்தபோது மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது. அந்தப் பிள்ளையின் பெற்றோர் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு வரவேண்டிய பாக்கி நீங்கள் கேட்கும் பணம் அல்ல.

40 பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிள்ளைக்கு 2,500. சம்பளம் போக மிஞ்சுவது என்ன? அந்த அளவுப் பள்ளிக்குச் சமக்ர சிக்ஷா என்ற மத்திய, மாநில அரசுகளின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் தொகுப்பு மானியம் ஆண்டுக்கு 25,000 ரூபாய். பிள்ளைக்கு மாதம் 52 ரூபாய்தான். கழிப்பறைச் சுத்தம், சாக்பீஸ், சில்லறைப் பழுது எல்லாம் அதற்குள்தான். ஆகவே பள்ளிப் பணத்தைப் பிரித்துக் கொடு என்பதற்கு நடைமுறையில் ஒரே அர்த்தம், ஆசிரியர் சம்பளத்தைப் பிரித்துக் கொடு என்பது. அப்படிப் பிரித்த பிறகு பள்ளி திறக்கும் நாளில் வகுப்பில் நிற்க ஆள் இருக்காது. ஒருமுறை விட்டுக்கொடுத்த ஆசிரியர் பணியிடம் ஜூன் மாதம் கேட்டவுடன் திரும்பி வராது.

சரி, 2,500 வந்தே விட்டது. தனித்தனியாக அதை வைத்துக்கொண்டு பி.எட். படித்த ஒருவரை முழுநாள் அமர்த்த முடியாது. பத்துக் குடும்பம் சேர்ந்தால் 25,000 திரளும். இடம் பிடிக்க வேண்டும், கழிப்பறை வேண்டும், ஒன்றாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே ஆள் சமாளிக்க வேண்டும், பணம் தராத வீட்டுப் பிள்ளையை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். இதையெல்லாம் யார் செய்வது? பனியன் கம்பெனியில் காலை 8.30க்கு உள்ளே போய் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு 8.30க்கு வெளியே வரும் தாயா? தறிக் குடோனில் இரவு ஷிப்ட் ஓட்டும் தகப்பனா? பத்துக் குடும்பத்துப் பணத்தை ஒன்றாகத் திரட்டி ஆள் வைத்து நடத்துவதற்குப் பெயர்தான் பள்ளிக்கூடம். அதைக் கலைத்துவிட்டு, ஒவ்வொரு தெருவும் முதலிலிருந்து கட்டிக்கொள்ளட்டும் என்பது நேரமும் படிப்பும் உள்ள வீட்டுக்கு மட்டுமே ஆகும்.

பணம் போய்ச் சேரும் வழியையும் பாருங்கள். ஆதார் வழியாக அனுப்பும் தொகை, நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாது. ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கே போகும். கம்பெனி சம்பளத்துக்காகத் திறந்து கொடுத்து, வேலை மாறியதும் ஏடிஎம் கார்டையே மறந்துபோன கணக்காகவும் அது இருக்கும். குழுக்கடனுக்கோ வண்டிக் கடனுக்கோ தவணைப் பிடித்தத்துக்குக் கையெழுத்துப் போட்ட கணக்கென்றால், பணம் விழுந்த அன்றே தவணை எடுத்துக்கொள்ளும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் பிள்ளைக்கு, அரசின் மாணவர் பதிவேடான எமிஸில் எண்ணே இல்லையென்றால் பட்டியலிலேயே பெயர் வராது. மூடிய பள்ளியால் அதிகம் இழந்த பிள்ளைகள் இவர்கள். பணம் கடைசியாக எட்டுவதும், எட்டாமலே போவதும் இவர்களுக்குத்தான்.

அமெரிக்கப் பேச்சு புதிதல்ல. பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. மில்வாக்கி நகரில் 1990இல் வவுச்சர், அதாவது பெற்றோர் தேர்ந்தெடுக்கும் தனியார் பள்ளிக்கு அரசு பணம் கட்டும் முறை தொடங்கினார்கள். அரிசோனா மாநிலம் 2011இல், பெற்றோர் படிப்புக்குச் செலவிடும்படி அரசு பணம் போடும் தனிக்கணக்கு முறையைக் கொண்டுவந்து 2022இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரித்தது. நம்மிடமும் அதன் சாயல் ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 12இன்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கு அரசு பணம் கட்டுகிறது: அரசு ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. மத்திய, மாநில அரசுகளுக்கிடையே சமக்ர சிக்ஷா நிதி சிக்கிக்கொண்டபோது 2025-26க்கான அந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. பிள்ளையின் படிப்பை ஒரு பணப் பரிமாற்றத்தில் தொங்கவிட்டால் இப்படித்தான் ஆகும். அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, ‘கட்டாயக் கல்வி’ என்பதில் உள்ள கட்டாயம் அரசுக்கு என்கிறது: சேர்ப்பதும், வரவழைப்பதும், முடிக்க வைப்பதும் அரசின் கடமை. கையில் 2,500 வாங்கிக்கொண்டு அந்தக் கடமையிலிருந்து அரசை விடுவிக்க நீங்கள் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

ஆனால் ஒரு பங்கு சந்தேகமில்லாமல் உங்கள் வீட்டுக்குச் சேர வேண்டியது. அது சாப்பாடு. 2015ஆம் ஆண்டு மதிய உணவு விதிகள், பள்ளி நாளில் உணவு தர முடியாமல் போனால் தானியமும் சமையல் செலவும் உணவுப் பாதுகாப்புப் படியாக அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் தரவேண்டும் என்கின்றன. பள்ளி மூடியிருக்கும்போது பிள்ளைகளுக்கு உணவு எப்படிப் போய்ச் சேரும் என்று 2020 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து மாநிலங்களைக் கேட்டது. மத்திய அளவுப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20, காய் 50, எண்ணெய் 5. ஆறு முதல் எட்டு வரை 150, 30, 75, 7.5. 22 பள்ளி நாட்களுக்குச் சின்னப் பிள்ளைக்கு 2 கிலோ 200 கிராம் அரிசி, 440 கிராம் பருப்பு, 110 கிராம் எண்ணெய். காயை மூட்டை கட்டித் தரமுடியாது. அதன் விலையைப் பணமாகத் தருவதே முறை.

நடந்தது என்ன? 2021 மே மாதம் மத்திய அரசு சமையல் செலவைப் பணமாகவே தருவதாக அறிவித்தது. 11.8 கோடிப் பிள்ளைகளுக்கு 1,200 கோடி. தலைக்கு நூறு ரூபாய், ஒரே தடவை. அன்றைய விலைக்கு ஒரு கிலோ துவரம் பருப்புக்கே சரியாகப் போயிருக்கும். முட்டை இதைவிட வேதனை. சத்துணவில் பள்ளி நாள் தோறும் முட்டை. பள்ளி பூட்டிய 2020 மார்ச்சில் நாமக்கல்லில் கொள்முதல் விலை சரிந்து பண்ணைகளில் முட்டை தேங்கிக் கிடந்தது. பக்கத்து மாவட்டத்துப் பிள்ளை முட்டை இல்லாமல் இருந்தது. பிறகு உலர் பொருளோடு மாதம் 10 முட்டை கொடுத்தார்கள். இருபதுக்கு மேல் வரவேண்டியதில் அது பாதி.

சாப்பாட்டைவிடப் பெரிய பாக்கி ஆசிரியர். சம்பளம் நிற்காதது சரிதான்; சம்பளம் வாங்கியவரைப் பாடம் நடத்தப் பிள்ளைகளின் தெருவுக்கு அரசு அனுப்பாமல் இருந்ததுதான் குற்றம். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது; கேட்ட பிள்ளைக்குப் புரிந்ததா என்று கேட்க ஆள் இல்லை. தாளவாடி, பர்கூர், வால்பாறை மலைப் பக்கம் சிக்னலே கிடைக்காத வீட்டில் ஆன்லைன் வகுப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். தெருவிலேயே பாடம் நடத்தும் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் 2021 அக்டோபர் கடைசியில்தான் தொடங்கியது. 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலை 5 முதல் 7 வரை, மாதம் 1,000 ரூபாய்; பிள்ளைக்கு 50 ரூபாய். இது 2020 ஜூலையில் தொடங்கியிருந்தால், பனியன் கம்பெனிக் கைமடி வேலைக்கும் தறிக்கும் போன பிள்ளைகளில் பலரை அந்தத் தெருவிலேயே நிறுத்தியிருக்கலாம். தொற்று பயம் இருந்த மாதங்களிலும் மரத்தடியில் எட்டுப் பிள்ளைகளை இடம் விட்டு உட்கார வைக்க முடியும். 40 பிள்ளைகள் என்றால் ஐந்து குழு. இரண்டு ஆசிரியர்கள் காலை ஒன்று, மாலை ஒன்று எடுத்தால் வாரம் ஐந்து நாளில் ஒவ்வொரு குழுவுக்கும் நான்கு அமர்வு கிடைக்கும்.

ஆகவே டியூஷன் பணத்துக்கு மனு எழுதுவதை விட்டுவிட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்கள். சட்டப்படி உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி திறந்திருக்கும்போதே தீர்மானம் போட வேண்டும். பூட்டிய பிறகு குழு கூடுவதே கடினம். மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, ஐந்து வேலை நாளுக்கு மேல் பள்ளி மூடினால் ஆறாம் நாளிலிருந்து எந்த ஆசிரியர் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு என்ற அட்டவணை, பள்ளிக் கதவில் ஒட்டும்படி. இரண்டு, உலர் பொருள் தரும் தேதி, கிராம் கணக்கு, தராசில் நிறுத்துக் காட்டுவது. மூன்று, எமிஸில் இல்லாத பிள்ளைகளின் பட்டியல். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ சட்டத்தில் இடமில்லை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஒரு படி வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போகட்டும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு இன்னொரு படி உங்கள் கையில் இருக்கட்டும்.

காய்க்கான பணம் வந்துசேர, தாயின் ஆதார் இப்போது எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பகுதியில் பார்த்துவிடுங்கள். தவறான வங்கி என்றால், சரியான வங்கிக் கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்து மாற்ற வேண்டும். சனிக்கிழமை சம்பளம் வாங்கப் போகும் தாய்மாருக்கு வங்கிக்குப் போக நேரம் கிடைக்காது. பள்ளியிலேயே ஒரு நாள் முகாம் வைக்கச் சொல்லித் தீர்மானத்தில் நான்காவதாகச் சேர்த்துவிடுங்கள்.