உப்பைத் தின்னும் தகடு உண்டா?

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரே உவர். வெள்ளைப் பூச்சு பூசிய தகடு ஒன்றைக் கொண்டுவந்த வியாபாரி, இது வினையூக்கி, தொட்டியில் போட்டு வெயில் பட வைத்தால் உப்பு, கிருமி எல்லாம் போய்விடும், ஆயுசுக்கும் தேயாது என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: உப்புக்காக என்றால் வேண்டாம்மா. அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் சிக்கலே.

அந்தப் பூச்சு டைட்டானியம் டை ஆக்சைடாக இருக்கலாம். சுவர் பெயின்ட்டுக்கு வெண்மை தருகிற அதே பொருள்தான் (மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் எடுக்கிறார்களே இல்மனைட், அதிலிருந்தும் செய்யலாம்). இதன்மேல் ஒளி பட்டால் தண்ணீரே பிரிகிறது என்று 1972-இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் எழுதினார்கள். புற ஊதாக் கதிர் பட்டதும் ஹைட்ராக்சில் என்ற பொல்லாத துணுக்கு அதன் மேற்பரப்பில் உண்டாகி, சாயம், பூச்சிமருந்து, கிருமியின் தோல் என்று கையில் சிக்கிய கரிமப் பொருளைக் குதறி, கடைசியில் பெரும்பாலும் கரியமில வாயுவும் தண்ணீருமாக்கிவிடும். ஓலைப்பெட்டிக்குச் சாயம் காய்ச்சிய தண்ணீர் என்றால் சரி, முயன்று பார்க்கலாம்.

உப்பில் குதற என்ன இருக்கிறது? சோடியமும் குளோரைடும் தண்ணீரில் ஏற்கெனவே தனித்தனியாகத்தான் கிடக்கின்றன. போதாக்குறைக்கு இந்தக் குளோரைடு அந்தத் துணுக்குகளை வழியிலேயே மறித்துக்கொள்ளும், அதனால் உவர்நீரில் தகடு செய்யக்கூடிய வேலையும் குறைந்துபோகும். வெயிலுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை, ஆனால் இதற்கு 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம், அதாவது புற ஊதாக் கதிர், வேண்டும், சூரிய ஒளியில் அது நூற்றுக்கு நாலைந்து பங்குதான். தேயாது என்பது வாஸ்தவம், வினையூக்கி வினையில் செலவாகாது. சுண்ணாம்பும் பாசியும் படிந்தால் தேயாமலே செத்துப்போகும், அவ்வளவுதான்.

உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வு (அழுத்தம் கொடுத்தால் தண்ணீரை விட்டு உப்பை நிறுத்திக்கொள்ளும் மெல்லிய படலம்) வேண்டும், நம் மாவட்டத்து நரிப்பையூரில் கடல்நீருக்கே அந்த முறையில்தான் ஆலை வைத்தார்கள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை.

அடுத்த முறை அவர் வந்தால் தகட்டை இரண்டு நாள் இரவல் கேளுங்கள். தகடு போட்ட தண்ணீரில் ஒரு கரண்டி, போடாததில் ஒரு கரண்டி, இரண்டையும் எவர்சில்வர் தட்டில் தனித்தனியாகக் காயவிட்டு, படிகிற வெள்ளையை அவருக்கே காட்டுங்கள்.