ஜப்பானில் கூட்டமில்லாத கடலோரக் கோட்டை நகரம் எது?

என் பதில் ஹாகி. யாமாகுச்சி மாகாணத்தில், ஜப்பான் கடலோரம் இருக்கிறது.

1600இல் செகிகஹாரா போரில் தோற்ற பக்கம் நின்ற மோரி குலத்தின் நிலத்தில் பெரும்பகுதியை, போரில் வென்ற தொகுகாவா இயேயாசு பறித்துக்கொண்டார். மிஞ்சிய நிலத்தில், இந்தக் கடலோர மூலையில் 1604இல் கோட்டை எழும்பத் தொடங்கியது. சாமுராய் ஆட்சி முடிந்து, பேரரசர் பெயரிலான மெய்ஜி அரசு வந்தபின் 1874இல் அதை இடித்துவிட்டார்கள். ஆகவே கோபுரத்தைத் தேடிப் போகாதீர்கள். அகழியும் கற்சுவரும்தான் மிச்சம்.

உண்மையான அழகு கோட்டைக்கு வெளியே, சாமுராய் தெருக்களில். முன்னால் என்ன இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரியக்கூடாது என்று உயரமான மண்சுவர்களுக்கு நடுவே தெருவைச் சட்டென்று மடக்கியிருக்கிறார்கள். சுவருக்கு மேலே நாட்சுமிகான் ஆரஞ்சு தொங்கும். மெய்ஜி காலத்தில் பதவியும் சம்பளமும் போன சாமுராய்கள் பிழைப்புக்காக நட்டுப் பெருக்கிய மரம் அது. மே மாதம் போனால் தெருவே பூவாசம்தான்.

அப்புறம், 19ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் யோஷிதா ஷோயின் பாடம் நடத்திய சிறிய மரவீட்டைத் தவறவிடாதீர்கள். ஜப்பானின் முதல் பிரதமரான இதோ ஹிரோபுமி அங்கே படித்தவர். அந்த வீடும் கோட்டை நகரமும் 2015 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன.

ஹாகி மண்பாண்டக் கிண்ணம் ஒன்று வாங்குங்கள். மெருகில் மெல்லிய விரிசல்கள் ஓடும். அதில் தேநீர் ஊறி, வருடக்கணக்கில் நிறம் மாறிக்கொண்டே போகும்.

ஷின்-யாமாகுச்சி நிலையம் வரை ஷின்கான்சென் அதிவேக ரயில், அங்கிருந்து பேருந்து. ஊருக்குள் வாடகை சைக்கிள் போதும். காலையில் வந்து மாலையில் திரும்பாமல், ஓர் இரவாவது தங்குங்கள்.