ஒரு நிமிடத்தில் கிருமி சாகும், உப்பு போகாது

கேள்வி: தண்ணீரில் ஏதோ பொடி போட்டு வெயிலில் வைத்தால் ஒரே நிமிடத்தில் கிருமி செத்துவிடுமாம், பிறகு காந்தம் வைத்துப் பொடியை எடுத்துவிடலாமாம். வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? எங்கள் போர் தண்ணீருக்கு ஆகுமா?

பதில்: செய்தி உண்மைதான். 2023-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டது. அலுமினியம் ஆக்சைடு, மாலிப்டினம் சல்ஃபைடு, தாமிரம், காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு எல்லாம் சேர்ந்த பொடி அது. வெளிச்சம் பட்டதும் பொடியிலுள்ள எலக்ட்ரான்கள் கிளம்பி, தண்ணீரோடும் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் போன்ற வீரியமான பொருள்களை உண்டாக்கும், அவை கிருமியின் மேலுறையைச் சிதைத்துவிடும். பொடி செலவாவதில்லை, திரும்பவும் பயன்படுத்தலாம்.

இதற்கு முன்னோடி டைட்டானியம் டை ஆக்சைடு, வெள்ளை பெயின்டில் கலக்கிறார்களே அதேதான். அதன் ஒளிவினையை ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் வெளியிட்டார்கள், அது நுண்ணுயிர்களைக் கொல்வது 1985-இல் தெரிந்தது. ஆனால் அதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும், வெயிலில் அது சுமார் ஐந்து சதவீதம்தான். அதைவிடப் பெரிய தலைவலி, அவ்வளவு நைசான பொடியைத் தண்ணீரிலிருந்து திரும்பப் பிரிப்பது. கண்ணாடியில் பூசி வைத்தால் பொடி கலக்காது, சரி, ஆனால் கிருமி அந்தப் பரப்புக்குப் பக்கத்தில் வந்தால்தானே சாகும், வேகம் குறைந்துவிடும். அதனால்தான் இந்தக் காந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

உங்கள் போர் தண்ணீருக்கு வருவோம். உப்பும் ஃபுளோரைடும் இந்தப் பொடிகளால் போகாது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் வெளிச்சமே உள்ளே இறங்காது. குளோரின் தண்ணீரில் தங்கியிருந்து பிறகு வரும் கிருமியையும் கொல்லும், இதில் அந்த வசதியும் கிடையாது. இப்படியொரு பொடியை யாராவது ஆன்லைனில் விற்றால் தயவுசெய்து வாங்கிக் குடிதண்ணீரில் போடாதீர்கள்.

பொடியே இல்லாமலும் வெயில் வேலை செய்யும். தெளிந்த தண்ணீரை நிறமில்லாத பெட் பாட்டிலில் (இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டாம்) நிரப்பி, லேபிளைக் கிழித்துவிட்டு, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்கவையுங்கள், மேகமூட்டமென்றால் இரண்டு நாள். சுவிட்சர்லாந்தின் ஈவாக் நிறுவனம் பல ஏழை நாடுகளில் பரப்பிய முறை இது. கேஸ் அடுப்பு உள்ள வீட்டில் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்தாலே போதும். அதற்கும் முன்னால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துவிடுங்கள், கிருமியா உப்பா என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வதென்று சொல்ல முடியும்.